ஆழ்கடல் தூண்டில்: ராடும் ரீலும் வாங்கும் முன் புரிய வேண்டியவை

புதுச்சேரியில் 'பார்ட்டி போட்' என்றால் பாட்டும் விளக்குமாகச் சுற்றிவரும் உல்லாசப் படகுதான் பலருக்கும் நினைவுக்கு வரும். தூண்டில் போடுகிறவர்கள் அந்தப் பெயரால் சொல்வது வேறு. முன்பின் பழக்கமில்லாத நாலைந்து பேர், ஆளுக்கு ஓர் இடத்துக்குப் பணம் கட்டி, ஒரே படகில் கடலுக்குப் போய்த் தூண்டில் இறக்குவார்கள். குழப்பம் வேண்டாம் என்பதால் இங்கே அதைப் பங்குப் படகு என்றே சொல்வோம்.

அப்படிப் போவதற்கு முதன்முதலாகக் கருவி வாங்குகிறவர், பெரும்பாலும் கேட்டுக்கொண்டு வரும் ஆலோசனை மூன்று. பெரிய மீனுக்குப் பெரிய ராடு, அதாவது தூண்டில் கம்பு, வேண்டும். நரம்பு, அதாவது தூண்டில் இழை, தடிமனாக இருக்க வேண்டும். நரம்பைச் சுற்றும் ரீலில் பேரிங் நிறைய இருக்க வேண்டும். மூன்றையும் நம்பிக் கடைக்குப் போனால், கனமான, நீளமான, விலை கூடிய, படகில் வசப்படாத ஒரு கருவியோடுதான் திரும்புவோம். ராடும் ரீலும் என்ன வேலை செய்கின்றன என்பது விளங்கிவிட்டால், தேர்வு அவ்வளவு கடினமில்லை.

கைத்தூண்டில்காரரின் கை

வீராம்பட்டினத்திலோ தேவனாம்பட்டினத்திலோ கைத்தூண்டில் போடும் மீனவரிடம் ராடும் இல்லை, ரீலும் இல்லை. தங்கூசி நரம்பு, ஈயம், முள், இரை, அவ்வளவுதான். அதை வைத்தே கனமான களவா மீனை மேலே கொண்டுவந்துவிடுகிறார். எப்படி? மீன் வெறிகொண்டு ஓடும்போது அவர் நரம்பை இறுக்கிப் பிடிப்பதில்லை. விரல்களுக்கிடையே அழுத்தம் கொடுத்துக்கொண்டே வழுக்கிப் போக விடுகிறார். மீன் களைத்ததும் இழுக்கிறார். திடீரென்று வெட்டினால் தோளும் முழங்கையும் முன்னே போய் அந்த அதிர்ச்சியை வாங்கிக்கொள்கின்றன. இழுத்த நரம்பு சிக்காமல் காலடியில் வட்டம் வட்டமாக விழுகிறது.

அந்தக் கை செய்யும் மூன்று வேலைகளைத்தான் கருவி பிரித்துச் செய்கிறது. விரலின் வேலையைச் செய்வது ரீலுக்குள் இருக்கும் டிராக். தோளின் வேலையைச் செய்வது ராடின் வளைவு. நரம்பைச் சிக்கில்லாமல் அடுக்கி வைப்பது ஸ்பூல், அதாவது நரம்பு சுற்றியிருக்கும் உருளை. மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்தினால்தான் அது ஒரு கை. ராடை ஒரு நாளும் ரீலை ஒரு நாளும் தனித்தனியாக, தோற்றம் பார்த்து வாங்கினால் பொருத்தம் கெட்டுப்போகும்.

10 கிலோ மீனுக்கு 10 கிலோ நரம்பா?

கிணற்றில் வாளி விட்டவர்களுக்கு இது சொல்லாமலே புரியும். நிரம்பிய வாளி தண்ணீருக்குள் இருக்கும்வரை ஒரு விரலால் அசைக்கலாம். தண்ணீரை விட்டு வெளியே வந்த கணத்தில் தோள் இறங்கும். மீனும் அப்படித்தான். நீருக்குள் அதன் எடை நம் கைக்கு ஏறக்குறைய வருவதே இல்லை. நாம் உணர்வது அது நீந்தும் விசையை மட்டும். 10 கிலோ பாறை மீன் ஒன்றை 4 கிலோ இழுவிசையில் களைப்படைய வைக்க முடிவது இதனால்தான்.

அதே மீனை நீர்மட்டத்துக்கு மேலே ராடால் தூக்க முயன்றால் முழு 10 கிலோவும் நரம்பிலும் ராடிலும் ஏறும். ராடு முறிவதும் நரம்பு அறுவதும் படகோரத்தில்தான் அதிகம் நடக்கின்றன. அதனால் பக்கத்தில் வந்த மீனைக் கொக்கியாலோ கைவலையாலோ எடுப்பதே முறை. ஓரிரண்டு கிலோ சங்கராவைத் தூக்குவதானால்கூட, ராடை உயர்த்தாமல் லீடரை, அதாவது முள்ளுக்கு மேலே நரம்பின் முனையில் சேர்த்திருக்கும் தடித்த துண்டை, கையால் பிடித்துத் தூக்குங்கள்.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால்: கருவி எதிர்கொள்வது மீனின் ஓட்டத்தை. அந்த ஓட்டத்துக்கு எவ்வளவு நரம்பை, எவ்வளவு அழுத்தத்தில் விட்டுக்கொடுக்கிறோம் என்பதே முதல் கேள்வி.

டிராக்: விட்டுக்கொடுக்கும் பிரேக்

சைக்கிளில் இறக்கத்தில் வரும்போது பிரேக்கை முழுதாகப் பிடித்தால் சக்கரம் நின்று ஆள் விழுவார். லேசாகப் பிடித்தால் சக்கரம் சுற்றிக்கொண்டே வேகம் குறையும். டிராக் இந்த இரண்டாவது வகை. ரீலுக்குள் சில வட்டத் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று அழுந்தியிருக்கும். திருகைத் திருப்பினால் அழுத்தம் கூடும். மீன் இழுக்கும் விசை அந்த உராய்வைத் தாண்டினால், கைப்பிடியை நாம் விடாமல் பிடித்திருந்தாலும் ஸ்பூல் பின்னோக்கிச் சுற்றி நரம்பு வெளியேறும். நரம்பு அறுவதற்கு முன்பே வழிவிடுவதுதான் அதன் வேலை.

எவ்வளவு இறுக்குவது? நரம்பு தாங்கும் எடையில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை. அட்டையில் 30 பவுண்டு என்று போட்டிருந்தால் அது 13.6 கிலோ. டிராக் 3.5 முதல் 4.5 கிலோ. இவ்வளவு குறைவாகவா என்று தோன்றும். நரம்பின் முழு வலிமை முடிச்சு வரை வந்து சேர்வதில்லை. சரியாக ஈரப்படுத்தி இறுக்காத முடிச்சு, பாதி வலிமையையே தின்றுவிடும். மீன் திடீரென வெட்டும்போது ஏறும் விசை, சீராக இழுக்கும் விசையைவிடப் பல மடங்கு. வளைந்த ராடின் வளையங்களில் உரசுவதும், தண்ணீருக்குள் நீண்டு கிடக்கும் நரம்பின் இழுவையும் மேலே சேரும். இத்தனைக்கும் இடம் விட்டுத்தான் அந்தக் கணக்கு.

இன்னொரு விஷயம் பலருக்கும் தெரிவதில்லை. டிராக்கைத் தொடாமலே அது இறுகும். ஸ்பூல் நிறைய நரம்பு இருக்கும்போது 3 கிலோவில் வழுக்கும் டிராக், நரம்பு ஓடி ஓடிச் சுற்றின் விட்டம் பாதியாகும்போது 6 கிலோ கேட்கும். தகடுகளின் உராய்வு மாறவில்லை. அதைச் சுழற்றும் ஆரம் சுருங்கிவிட்டது. கிணற்று ராட்டினத்தின் கைப்பிடி குட்டையாக இருந்தால் சுற்றக் கடினமாவது போல. சூரை போன்ற ஓட்டக்கார மீன் 100, 150 மீட்டர் இழுத்துப் போனபின், "இன்னும் ஓடுகிறதே" என்று பதறி டிராக்கை இறுக்குகிறவர்கள் அங்கேயே மீனை இழக்கிறார்கள். அந்த இடத்தில் கொஞ்சம் தளர்த்துவதுதான் சரி.

வீட்டிலேயே அளந்து வைக்கலாம். தண்ணீர் கேனில் 3.5 லிட்டர் ஊற்றினால் 3.5 கிலோ. நரம்பை ராடின் வளையங்கள் வழியாக விட்டு, நுனியைக் கேனில் கட்டுங்கள். ராடை 45 பாகைக்கு மேல் தூக்காமல் மெதுவாக உயர்த்துங்கள். கேன் தரையை விட்டு எழும்பாமல், ஸ்பூல் வழுக்கத் தொடங்கும் இடம்வரை டிராக்கைச் சரிசெய்யுங்கள். வழுக்கல் சீராக இருக்க வேண்டும். நின்று நின்று வெட்டி வெட்டி வந்தால், அந்த ரீலில் எத்தனை கிலோ டிராக் என்று அச்சிட்டிருந்தாலும் அதை வாங்க வேண்டாம். அதிகபட்ச டிராக் 8 முதல் 10 கிலோ இருந்தால் போதும். 20 கிலோ டிராக்கை இடுப்புப் பட்டை இல்லாமல் கையில் தாங்குவது பழகியவருக்கே ஆபத்து.

ஈயத்திலிருந்து தொடங்குங்கள்

கடையில் முதலில் ராடைக் கையில் எடுத்து ஆட்டிப் பார்ப்போம். வரிசை இதற்கு நேர் எதிராக இருக்க வேண்டும். முதலில் ஈயம், பிறகு நரம்பு, பிறகு ரீல், கடைசியில் ராடு. பங்குப் படகில் தூண்டிலை வீசுவது அரிது. நேர்கீழே இறக்குவதுதான். எந்த ஆழத்துக்கு, எந்த நீரோட்டத்தில், எத்தனை கிராம் ஈயம் போய்த் தரை தொடும் என்பதுதான் மற்ற எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

மீனவர்கள் ஆழத்தைப் பாகத்தில் சொல்வார்கள். ஒரு பாகம் சுமார் 1.8 மீட்டர், விரித்த இரு கைகளின் அளவு. படகோட்டி "பதினைந்து பாகம்" என்றால் சுமார் 27 மீட்டர். நீர் அமைதியாக இருந்தால் இந்த ஆழத்துக்கு 100 கிராம் ஈயம் போதும். நீரோட்டம், மீனவர் மொழியில் நீவாடு, வலுத்தால் 200 கிராமும் பற்றாது. நம் கரையோர நீரோட்டம் ஆண்டு முழுதும் ஒரே திசையில் போவதில்லை. மார்ச், ஏப்ரலில் வடக்கு நோக்கி வலுவாக ஓடும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், குறிப்பாக நவம்பரில், தெற்கு நோக்கித் திரும்பும். ஒரு மாதத்தில் நன்றாக வேலை செய்த ஈயம் அடுத்த பருவத்தில் தரையே தொடாமல் மிதந்துபோவது இதனால்தான். 100, 150, 200, 250 கிராம் என நான்கு எடையிலும் இரண்டிரண்டு எடுத்துச் செல்லுங்கள். தரையில் சிக்கி இழப்பதற்கும் சேர்த்துத்தான் இரண்டு.

படகோட்டியிடம் மற்றவர்கள் எத்தனை கிராம் போடுகிறார்கள் என்று கேட்டு, அதையே போடுங்கள். ஒருவர் 100 கிராமும் பக்கத்திலிருப்பவர் 250 கிராமும் போட்டால், லேசான ஈயம் நீரோட்டத்தில் சாய்ந்து அடுத்தவர் நரம்பின் குறுக்கே போகும். சிக்கு பிரிப்பதிலேயே நல்ல நேரம் கழிந்துவிடும்.

நரம்பு: தடிமன் நண்பன் இல்லை

நைலான் நரம்பு ஒற்றை இழை. தங்கூசி இந்த வகைதான். பிரெய்டு என்பது நுண்ணிய பாலித்தீன் இழைகளைப் பின்னியது. ஒரே வலிமையில் பிரெய்டின் தடிமன் நைலானில் பாதிகூட இருக்காது. 30 பவுண்டு நைலான் அரை மில்லிமீட்டர் இருக்கும். அதே வலிமைப் பிரெய்டு சுமார் 0.23 மில்லிமீட்டர். தடிமன் பாதியானால் நீரோட்டம் அதைத் தள்ளும் விசையும் பாதியாகும். ஆகவே குறைந்த ஈயத்திலேயே தரை தொடலாம்.

இரண்டாவது வேறுபாடு நீட்சி. நைலான் ரப்பர்போல நீளும். பிரெய்டு நீள்வது மிகக் குறைவு. 30 மீட்டர் கீழே சங்கரா இரையைத் தட்டுவது, நைலானில் கைக்கு வந்து சேருமுன் பாதி கரைந்துவிடும். பிரெய்டில் விரல் நுனியில் தெரியும். குறையும் இங்கேதான் இருக்கிறது. நீளாத நரம்பு அதிர்ச்சியை வாங்காது. அந்த வேலை முழுவதும் டிராக்கின் தலையிலும் ராடின் வளைவிலும் விழும்.

பிரெய்டு அட்டையில் 'பி.ஈ.' என்ற எண் இருக்கும். அது தடிமனைக் குறிக்கும் ஜப்பானிய அளவு. பி.ஈ. 2 சுமார் 0.23 மி.மீ., பி.ஈ. 3 சுமார் 0.28 மி.மீ. தொடங்குகிறவருக்கு பி.ஈ. 2.5 அல்லது 3, 250 முதல் 300 மீட்டர். ஆழம் 30 மீட்டர்தானே என்று 100 மீட்டர் சுற்றினால், ஒரு நல்ல ஓட்டத்துக்கும் இரண்டு அறுந்த துண்டுக்கும் பிறகு ஸ்பூல் காலியாகிவிடும்.

பிரெய்டை நேராக முள்ளில் கட்டக் கூடாது. பாறையில் உரசினால் நொடியில் அறும். முனையில் ஒன்று, ஒன்றரை மீட்டர் 50 பவுண்டு நைலானோ ஃபுளோரோகார்பனோ சேர்க்க வேண்டும். இதன் பெயர் லீடர். வஞ்சரம், சீலா போன்ற பல்லுக்கார மீன்கள் வரும் இடமானால், முள்ளுக்கு மேல் ஒரு சாண் நீளம் கம்பி லீடர் கட்டாயம். சங்கரா, களவாவுக்குக் கம்பி வேண்டாம்.

ரீல்: இரண்டு குடும்பம்

ஸ்பின்னிங் ரீல் ராடுக்குக் கீழே தொங்கும். ஸ்பூல் அசையாமல் நிற்க, அதைச் சுற்றி ஒரு கம்பி ஓடி நரம்பைச் சுற்றும். டிரம் ரீல் ராடின் மேலே உட்காரும். ஸ்பூலே சுழலும். கிணற்று ராட்டினத்தைப் போல நரம்பு நேர்கோட்டில் ஏறுவதால் கனமான சுமையை இழுக்க டிரம் ரீல் மேல். ஆனால் இறக்கும்போது கட்டை விரலை ஸ்பூல்மேல் வைத்துக் கட்டுப்படுத்த வேண்டும். விரல் தவறினால் ஈயம் தரை தொட்ட பிறகும் ஸ்பூல் சுற்றிக்கொண்டிருக்கும். நரம்பு குருவிக்கூடாகிவிடும். 250 கிராமுக்கு உட்பட்ட ஈயத்துக்கும் 40 மீட்டருக்கு உட்பட்ட ஆழத்துக்கும், முதல் ரீலாக ஸ்பின்னிங் ரீலையே வாங்குங்கள். அதைவிட ஆழமாகப் போகத் தொடங்கும்போது டிரம் ரீலைப் பற்றி யோசிக்கலாம்.

அளவு எண் 5000 அல்லது 6000. ஷிமானோ, டைவா, பென் ஆகிய நிறுவனங்களின் எண்கள் ஒன்றுக்கொன்று சமமில்லை என்பதால் எண்ணை மட்டும் நம்பக் கூடாது. ஸ்பூலின் மேல் அச்சிட்டிருக்கும் கொள்ளளவைப் படியுங்கள். பி.ஈ. 3 நரம்பு 300 மீட்டர் பிடித்தால் அதுதான் நம் ரீல்.

கியர் விகிதம் பற்றித்தான் கடையில் தவறாகச் சொல்கிறார்கள். 6:1 என்றால் கைப்பிடி ஒரு சுற்றுக்கு நரம்பு ஆறு சுற்று ஏறும். அது வேகம், வலு இல்லை. கியர் சைக்கிளில் மேம்பாலம் ஏறும்போது எந்தக் கியர் போடுவோம்? மெதுவானதைத்தான். இரையை அடியில் வைத்துக் காத்திருக்கும் மீன்பிடிக்கு 5:1-ஐ ஒட்டிய விகிதம் கைக்கு இதமாக இருக்கும். ஜிக் என்னும் உலோகப் போலி இரையை மேலும் கீழுமாக வேகமாக ஆட்டிப் பிடிப்பவருக்கு 6:1 உதவும்.

பேரிங் எண்ணிக்கையை மறந்துவிடுங்கள். உப்புநீர் புகுந்தால் பன்னிரண்டு பேரிங்கும் பன்னிரண்டு துருப்பிடிக்கும் இடங்கள். தண்ணீர் புகாதபடி அடைத்த நாலைந்து நல்ல பேரிங், அலுமினிய உடல், கைப்பிடியைப் பக்கவாட்டில் அசைத்தால் ஆடாத கட்டு, இவைதான் பார்க்க வேண்டியவை.

சுருங்கச் சொன்னால், 100 முதல் 250 கிராம் ஈயம், பி.ஈ. 3 பிரெய்டு 300 மீட்டர், 50 பவுண்டு லீடர், சீராக வழுக்கும் டிராக் உள்ள 5000-6000 ஸ்பின்னிங் ரீல். இனி இவற்றுக்குப் பொருந்தும் ராடு.

ராடு: நீளம் யாருக்குச் சாதகம்?

முருங்கைக்காய் பறிக்கும் துறட்டிக்கோலின் நுனியில் ஒரு கிலோ அரிசிப் பையைத் தொங்கவிட்டு, அடிமுனையை இடுப்பில் ஊன்றித் தூக்கிப் பாருங்கள். கோல் நீள நீள அந்த ஒரு கிலோ கனக்கும். ராடும் ஒரு நெம்புகோல். நெம்பும் பக்கம் மீன் இருக்கிறது. அடிக்கட்டை வயிற்றில், முன்கை 60 சென்டிமீட்டரில், நுனி 2 மீட்டரில் என்றால், மீன் இழுக்கும் 3 கிலோ முன்கையில் 10 கிலோவாக வந்து சேரும். 3 மீட்டர் ராடானால் 15 கிலோ. கரையிலிருந்து வீசுவதற்கு நீளம் வேண்டும். படகில் அது நமக்கே எதிரி. ஆறு முதல் ஆறரை அடி, அதாவது 1.8 முதல் 2 மீட்டர் போதும். நாலு பேர் நிற்கும் ஃபைபர் படகில் அடுத்தவர் கண்ணில் குத்தாமல் இருக்கவும் அதுவே நல்லது.

ராடு வளையும்போது நுனி மீனை நோக்கி இறங்குகிறது. நெம்புகோலின் நீளம் தானாகக் குறைகிறது. அதனால் வளையும் ராடு பிடிப்பவருக்குச் சுமையைக் குறைக்கிறது. வளையாத மொத்தக் கம்பு மீனுக்குத்தான் உதவும். கடையில் கட்டியாக இருக்கிறது என்று பாராட்டி வாங்கும் ராடுகளில் பெரும்பாலானவை இந்தக் கணக்கில் தோற்கின்றன.

இரண்டு சொற்கள் தெரிந்தால் போதும். வலு என்பது ராடை வளைக்க எவ்வளவு சுமை வேண்டும் என்பது. வளைவு என்பது அது எங்கே வளைகிறது என்பது. நுனி மட்டும் வளைந்தால் வேக வளைவு, நடுவரை வளைந்தால் மித வளைவு. நீளாத பிரெய்டோடு மித வளைவு ராடு நன்றாகச் சேரும். ராடின் அடிப்பகுதியில் அச்சிட்டதைப் படியுங்கள். 'பி.ஈ. 2-4' அல்லது '20-40 பவுண்டு', ஈய எடை '250 கிராம் வரை' என்றிருந்தால் பொருத்தம்.

கார்பன் ராடு லேசு, கீழே நடப்பதைக் கைக்கு நன்றாகச் சொல்லும். படகு விளிம்பில் ஒருமுறை அடிபட்டால் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழுந்து, அடுத்த மீனில் அங்கேயே முறியும். கண்ணாடியிழை ராடு கொஞ்சம் கனம், அடி தாங்கும். முதல் ராடாகக் கண்ணாடியிழையோ இரண்டும் கலந்ததோ வாங்கி, மிச்சப் பணத்தை ரீலிலும் நரம்பிலும் போடுங்கள். வளையங்களின் உட்புறத்தில் பஞ்சைச் செருகி இழுத்துப் பாருங்கள். பஞ்சு இழை மாட்டினால் அந்த வளையத்தில் விரிசல் இருக்கிறது. அது பிரெய்டை அறுக்கும்.

படகில் எங்கே தவறுகிறது

டிராக் எவ்வளவு இறுக்கினாலும் நரம்பு ஓடுகிறது, ரீல் கெட்டுவிட்டது என்று புகார் வரும். பல வேளைகளில் டிராக்கில் குறையே இருக்காது. வழுவழுப்பான ஸ்பூல்மேல் பிரெய்டை நேராகச் சுற்றியதால், மொத்தச் சுற்றும் ஒரே கட்டாக வழுக்கிக்கொண்டிருக்கும். முதலில் 10 மீட்டர் நைலான் சுற்றி, அதன்மேல் பிரெய்டைக் கட்டி, ஈரத்துணியால் பிடித்து இறுக்கமாகச் சுற்றினால் தீரும். ஸ்பூலின் விளிம்புக்கு 2 மில்லிமீட்டர் கீழே நிறுத்துங்கள்.

மீன் நரம்பை இழுத்துக்கொண்டிருக்கும்போதே பதற்றத்தில் கைப்பிடியைச் சுற்றுவது அடுத்த தவறு. நரம்பு ஒரு அங்குலமும் ஏறாது. ஸ்பின்னிங் ரீலில் முறுக்குத்தான் ஏறும். 6:1 ரீலில் பத்துச் சுற்று வீணாகச் சுற்றினால் 60 முறுக்கு. அடுத்த முறை இறக்கும்போது அது முடிச்சாக வெளியே வரும். மீன் ஓடும்போது கையை நிறுத்துங்கள். நின்றதும் ராடை மெதுவாக உயர்த்துங்கள். தாழ்த்தும்போது மட்டும் சுற்றுங்கள். உயர்த்துவது ராடு, சேகரிப்பது ரீல்.

முள் பாறையில் சிக்கினால் ராடை வளைத்து இழுக்காதீர்கள். ராடை நேராகக் கீழே நீட்டி, நரம்பை ஒரு கட்டையில் சுற்றி இழுங்கள். வெறுங்கையில் பிரெய்டைச் சுற்றினால் கத்தியைப் போல அறுக்கும். துணிக் கையுறை ஒன்று எப்போதும் பையில் இருக்கட்டும். பக்கத்தில் யாருக்காவது பெரிய மீன் மாட்டினால் மற்றவர்கள் தங்கள் நரம்பை உடனே சுற்றி எடுத்துவிட வேண்டும். பங்குப் படகில் எழுதாத சட்டம் அது.

கரை திரும்பிய பிறகு

உப்புதான் ரீலைக் கொல்கிறது. வீட்டுக்கு வந்ததும் டிராக்கை இறுக்கி, பூத்தூவுவதுபோல நல்ல தண்ணீரை மெல்லத் தெளியுங்கள். இறுக்கினால்தான் தண்ணீர் தகடுகளுக்குள் போகாது. வேகமான குழாய்நீரை நேராக அடித்தால் உப்பு உள்ளே தள்ளப்படும். வாளியில் ரீலை மூழ்கடிக்கவே கூடாது. துடைத்து, நிழலில் உலர்த்தியபின் டிராக்கை முழுதாகத் தளர்த்திவிடுங்கள். இறுகிய நிலையிலேயே மாதக்கணக்கில் கிடந்தால் தகடுகள் அழுந்தி ஒட்டிக்கொள்ளும். ஜூன் 15-க்குப் பிறகு, கிழக்குக் கடற்கரையின் 61 நாள் தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் கிளம்பும் முதல் வாரத்தில், வெட்டி வெட்டி வழுக்கும் ரீல்கள் பலவும் இப்படி இறுக்கத்தோடு அலமாரியில் கிடந்தவைதான். கிளம்பும் முந்தைய நாள் இரவு அதே 3.5 லிட்டர் கேனைக் கட்டி மறுபடி அளந்துவிட்டு ராடைப் பையில் வையுங்கள்.